வீடிழந்தார் திறத்து நங்கடன்

சிவமயம்

(கொள்ளிடக்கரையூரொன்றிற் சைவ அன்பர் கூட்டத்திற் பேசியதனை விரித்தெழுதியது)

மெய்யன்பர்களே,

வீடு என்னுஞ் சொல் நம் நூல்களிற் பேரின்ப நிலையைக் குறிக்கும். பற்றை விடுதலின் வீடாயிற்று. அச்சொல்லே உலக வழக்கில் மனையையுங் குறித்து நிற்றல் யாவரும் அறிந்தது. மலநீக்கத்தான் எய்தும் வீட்டினை நாம் நாடோறும் விரித்துரைக்கின்றோம். நான்கு மூங்கிலும் சில கட்டுக் கீற்றுங் கொண்டு நின்ற வீட்டை ஓரிரவில் வெள்ளத்துக்கோ தீக்கோ கொடுத்துவிட்டு மரத்தடியில் நிற்பாரைக் குறித்துப் பேசவேண்டுங்கால் நமக்கு நா எழுவதில்லை. எழுந்தாலும், "அவரவர் வினை" என்னும் இரண்டு சொல்லோடு அடங்கிவிடுகின்றது. அவ்விரண்டு சொல்லும் சித்தாந்தம் ஆகுமா என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை இவ்விடத்துப் பேசுதற்குக் காரணமுண்டு. நாம் கூடியிருப்பது கொள்ளிடத்தின் வடகரை. முக்கொம்பிற் பிரிந்து பொன்னியின் மிகைநீரையெல்லாம் கொள்ளும் இடமாதலின் இவ்வாறு அப்பெயர் பெற்றதென்பர். தென்பாற் சோணாட்டு வயல்கள் மூழ்காதிருத்தற் பொருட்டு மிகைநீர் இவ்வழியே விடப்படுகின்றது. ஆகவே திருமழபாடி, திருமானூர் முதலாக அணைக்கரை காறுமுள்ள கரையூரார், தாம் அறிந்தோ அறியாமலோ, பிறர் பொருட்டு வெள்ளத்தைத் தாங்கி வருகின்றனர். 1924ஆம் ஆண்டு ஆடியில் வந்த பெருவெள்ளத்தை எம் பாட்டனார் காலத்தார் பேசக் கேட்டு வளர்ந்தவன் யான். அதன் பின்னர் 1925இல் தொடங்கி 1934இல் மேட்டூரணை முடிந்தது. முடிந்தும் என்? 2005ஆம் ஆண்டு நவம்பரிலும் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் கொள்ளிடம் கரைபுரண்டதை நாமே கண்டோம்.

பெரம்பலூர்ப் பக்கத்தாருக்கோ நீரினுந் தீயே பெரிய அச்சம். கரிசல் நிலம், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும். சித்திரை வைகாசியில் தட்டைப்போரும் வைக்கோற்போரும் கூரையும் ஒன்றையொன்று தொட்டுநிற்குந் தெருவிலே அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தாற் போதும். காற்று மிச்சத்தைச் செய்து முடிக்கும். நீர் வந்துபோன வீட்டிற் சுவரின் அடியாவது நிற்கும். தீப்பட்ட வீட்டில் மகள் திருமணத்துக்கென்று மடித்துவைத்த சேலையின் சரிகைதான் உருகிக் கிடக்கும்.

இனி என் பிழையொன்றைச் சொல்லி மேற்செல்கின்றேன். 2018 ஆவணியில் இக்கரையூரொன்றில், வெள்ளத்தால் மனையிழந்தார் பள்ளிக்கூடமொன்றில் தங்கியிருந்தனர். வானம் வெளுத்துக் கிடந்தது. அவ்வூரில் ஒரு துளி மழையில்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை கபினியையும் கிருஷ்ணராஜசாகரத்தையும் நிரப்பி, மேட்டூரையும் நிரப்பி, வெயிலடிக்கும் ஊருக்குள் வெள்ளமாய் நுழைந்திருந்தது. அம்மழையே மலையாள நாட்டிற் பல்லாயிரம் வீடுகளைச் சாய்த்துப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரை முகாம்களிற் சேர்த்ததென்பது நினைக்கத்தக்கது. அப்பள்ளிக்கூடத்துக்கு அன்பர் சிலரோடு அரிசிமூட்டை கொண்டு சென்ற யான், பேத்தியை மடியிற் கிடத்தியிருந்த முதியவர் ஒருவரருகே அமர்ந்து, உலகு உடல் கருவி போகங்களின் நிலையாமையையும், எல்லாம் அவன் செயல் என்பதையும் எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். அவ்வம்மையார் சிறிது நேரம் பொறுமையாகக் கேட்டார். பின்பு, "அது எனக்குந் தெரியும் ஐயா. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்துவிடுவார்களாம். அன்று இராத்திரி இந்தப் பிள்ளையை எங்கே படுக்கவைப்பேன்? அதைச் சொல்லுங்கள்" என்றார். நாற்பதாண்டு நூல் பயின்ற எனக்கு விடை தோன்றவில்லை.

அன்று தோன்றாத விடையைப் பின்னர் நூலிலேயே தேடினேன். தேடியவாறு கூறுகின்றேன்.

"வினைக்கீடாகவே இன்பதுன்பங்கள் வருகின்றன. அவன் வீடிழந்தது அவன் முன்செய்த வினையின் பயன். இறைவன் ஊட்டுவதை உயிர் நுகர்கின்றது. இடையே நாம் புகுந்து துன்பத்தை மாற்ற முயலுதல் இறைவன் நியதிக்கு மாறாகாதோ?" எனச் சிலர் வினவுவர். வாயால் வினவாதார் பலர், கைகளை மடக்கிக்கொள்ளுதலான் வினவுவர். இதற்கு விடை கூறுவாம்.

பிராரத்தம் வந்து பொருந்தும் வாயில் மூன்றென்பது நூற்றுணிபு. மழை, காற்று, வெப்பம், இடி முதலிய பூதங்களான் வருவது ஆதிபௌதிகம். உயிர்களான் வருவது ஆதியான்மிகம். தெய்வத்தான் வருவது ஆதிதைவிகம். வெள்ளத்தாற் கூரை போயிற்றெனின் அது முதல் வாயிலால் வந்தது. நன்று. அடுத்த வீட்டார் ஒருபடி அரிசி கொணர்ந்தனர். மாமன் முறையினர் பத்து மூங்கில் கொணர்ந்தனர். முன்பின் அறியாத இளைஞர் நால்வர் சேறு வாரிக் கொட்டினர். இவையும் ஊழன்றி வந்தனவோ? உயிர்களின் வாயிலாக வந்த நுகர்ச்சியே. இழப்புக்கு வினை காரணமென்று கொண்டவர் உதவிக்கும் அதனையே காரணமாகக் கொள்ளவேண்டும். ஒன்று வருங்கால் நியதி என்றும், மற்றொன்று வருங்கால் நியதிக்கு மாறு என்றுங் கூறுதல் ஒருகண் மூடிப் பார்த்தலேயாம்.

அன்றியும், இன்ன உயிர்க்கு இவ்வளவு வினை, அது இன்ன நாள்காறும் ஊட்டப்படும் என அளந்தறிதல் முற்றறிவுடைய முதல்வனுக்கே உரியது. வினை சடமாதலின் தானே சென்று உயிரைப் பற்றாது. கூட்டுவிப்பான் ஒருவன் வேண்டும் என்று பரமதம் மறுக்கும்போது நாமே வாதிக்கின்றோம். கூட்டுவிப்பான் தொழிலை, பிறன் வீடு எரியும் வேளையில் நாம் கையேற்றுக்கொண்டு தீர்ப்புரைத்தல் என்ன அறிவு? ஒன்று கேட்கின்றேன். வெள்ளம் ஆற்றோரத்துப் புறம்போக்கிலுள்ள குடிசையைக் கொண்டுபோயிற்று. மேட்டுத்தெரு மச்சுவீட்டின் வாயிற்படியையுந் தொடவில்லை. குடிசையாள் தீவினை மிகுந்தவன், மச்சுவீட்டான் நல்வினை மிகுந்தவன் என்று முடிவு கட்டலாமோ? முதலிற் காண்பது, மேட்டிலே மனை வாங்கும் வலி ஒருவனுக்கில்லை என்பதே. கண்ணெதிரே கிடக்கும் ஏதுவை விட்டுக் காணாத ஏதுவை நாடுதல் தருக்கமும் அன்று, அருளும் அன்று.

இன்னும் ஆழ்ந்து நோக்குவாம். அவனுக்கு வந்தது பிராரத்தமாகுக. அதனைக் கண்டு நின்ற நமக்கு அப்பொழுது நிகழ்வது யாது? ஆகாமியம். நம் மனம் வாக்குக் காயங்கள் அவ்வேளையிற் செய்வனவே நம் கணக்கில் ஏறுவன. இதம் அகிதம் என இருவகை வினைகளைப் பிரித்த அருணந்தி சிவாசாரியர், உயிர்கட்கு நலம் புரிதலை இதம் என்றார். அகிதத்துக்கு இலக்கணங் கூறுங்கால், தீங்கு இழைத்தலை மாத்திரம் அவர் கூறவில்லை. அந்நலத்தைப் புரியாதொழிதலையே அகிதம் என வைத்தார். சித்தியார் பயின்றோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றோம் என்றே எனக்குத் தோன்றுகின்றது. "யான் ஒருவர்க்குந் தீங்கு செய்ததில்லை" என்று மார்தட்டுவாரும் அவ்விலக்கணத்தில் அகப்படுகின்றனர். மேலும் இவ்விருவகையையும் இறைவனே ஏற்றுக்கொண்டு பயனளிக்கின்றான் என்றும் அவ்வாசிரியர் அறிவுறுத்துகின்றார். தெருவில் நிற்பவனுக்கு மறுத்த பாயை அவனுக்கு மறுத்தோம் என்னும் அளவில் அது நின்றுவிடுவதன்று.

அற்றேல், வினைக்கொள்கை யாண்டுப் பயன்படுவது எனின், தனக்குத் துன்பம் வந்தவிடத்துத் தான் எண்ணி ஆறுதற்குப் பயன்படுவது. பிறர்க்கு வந்தவிடத்துத் தான் ஒதுங்கிக்கொள்ளுதற்கன்று. நாவுக்கரசர் பெருமான் வரலாற்றை நோக்குமின். தம்மை நீற்றறையில் இட்டபோதும், கல்லோடு பிணித்துக் கடலில் வீழ்த்தியபோதும் அவர் அமைந்திருந்தார். அவரே திங்களூரில் அப்பூதியடிகள் மகன் அரவு தீண்டி இறந்தான் என்றறிந்தபோது அமைந்திருந்தாரல்லர். "பிள்ளையின் ஊழ் முடிந்தது, அமுது படைமின்" என்று இலையின்முன் உட்கார்ந்தாரல்லர். எழுந்து சென்றார், திருப்பதிகம் பாடினார், பிள்ளை எழுந்தபின்னரே அமுது செய்தார். தம் துன்பத்துக்கு ஓரளவையும் பிறர் துன்பத்துக்கு வேறோரளவையும் அவர் கொண்டமை வெளிப்படை. நாமும் இரண்டு அளவை கொண்டிருக்கின்றோம், மாற்றிக் கொண்டிருக்கின்றோம்.

இவ்விடத்து அயற்பொருள் ஒன்று நினைவுக்கு வருகின்றது. பச்சைமலைச் சாரலிற் றோன்றிப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களிற் பாய்ந்து கொள்ளிடத்திற் கலக்கும் மருதையாறு, வேனிலில் வெறும் மணல். 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்கு முன்னர் அதன் வெள்ளம் அரியலூரையடுத்த இருப்புப்பாதைப் பாலத்தைச் சிதைக்க, சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி விரைவுவண்டி ஆற்றில் வீழ்ந்தது. இறந்தார் நூற்றைம்பதின்மர் அளவினர். அப்பொழுது இரயில்வே அமைச்சராயிருந்த லால்பகதூர் சாஸ்திரியார், "ஆறு பெருகினால் யான் என்செய்வேன்" என்னாது, பொறுப்பைத் தம்மேல் ஏற்றுப் பதவியை விட்டார். பாலத்தை அவர் கட்டினாரல்லர். மழையை அவர் பெய்வித்தாரல்லர். பிறர் துன்பத்தில் தம் பங்கு யாது என்று வினவினார். அவர் ஊழ் யாது என்று வினவினாரல்லர்.

இனி, திருவிளையாடலில் வையை பெருகிய வரலாற்றை நம்மவர் பிட்டுத் திருநாளன்று கேட்டு மகிழ்வர். அதில் என் கருத்தைக் கவர்வது, இறைவன் அடிபட்டதன்று. கரையை ஊரார்க்கெல்லாம் அளந்து பங்கிட்டுக் கொடுத்தனர். எல்லாரும் தத்தம் பங்கை அடைத்தனர். ஆளில்லாத வந்தி என்னும் பிட்டு வாணிச்சியின் பங்கு மட்டும் அடைபடாது கிடந்தது. வெள்ளம் புகுதற்கு அவ்வொரு பங்கே போதும். ஊரார் அனைவரும் அடைத்தது அவ்வொருத்தியின் பங்கு திறந்திருந்தமையாற் பயனின்றிப் போகவிருந்தது. அப்பங்கை அடைக்கவே கூலியாளாய் மண்வெட்டி ஏந்தி ஒருவன் வந்தான். அரசன் அடித்த பிரம்பு அவன் முதுகில் மட்டும் பட்டிலது. அரசன்மேலும் அரசியர்மேலும் அமைச்சர்மேலும் எல்லா உயிர்மேலும் பட்டது. பிறன்மேற் பட்ட அடி நம்மேலும் பட்டதாக உணருதல் இரக்கம். அவ்வுணர்ச்சி நமக்கு இயல்பிலேயே உண்டென்பதற்கு அவ்வரலாற்றினும் சான்று வேண்டுமோ?

எம் இளமையிற் பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் நடப்பதைக் கண்டிருக்கின்றேன். ஒரு வீடு தீப்பட்டால் அன்றிரவு அவ்வீட்டார் அடுப்பு மூட்டார். அயல்வீடுகளிலிருந்து சோறு வரும். மறுநாள் வீட்டுக்கொரு கட்டு விழலோ கரும்புத் தோகையோ, ஒரு மூங்கில், ஓர் ஆள். கிழவர்கள் திண்ணையிலிருந்து கயிறு திரிப்பர். பெண்டிர் சாம்பலை அள்ளிக் குப்பைக்குழியிற் கொட்டித் தரையை மெழுகுவர். மூன்றாம் நாள் மாலை கூரை ஏறிவிடும். இதனை யாரும் தருமம் என்று சொன்னதில்லை. நாளை தன் கூரையும் வேகலாம் என்பது ஒவ்வொருவனுக்குந் தெரியும்.

ஆயினும் பழமையை மிகப் புகழ்தல் பொய்யாய் முடியும். அவ்வுதவி தெருவெல்லையில் நின்றுவிடும். சேரியிலே தீப்பட்டபோது ஊர்த்தெருவார் தத்தம் கூரைமேல் நீர் தெளித்துக்கொண்டு நின்றதையும் இக்கண்களே கண்டன. சைவர் என்று நீறணிந்தாரும் அங்கு நின்றனர். திருஞானசம்பந்தப் பிள்ளையார் சாத்தமங்கையில் திருநீலநக்கர் மனைக்கு எழுந்தருளியபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் அவர் துணைவியார்க்கும் தங்க இடம் தருமாறு வேண்ட, மறையவராகிய நீலநக்கர் வேள்வி வேதிகைக்கு அருகிலேயே இடம் வகுத்தார். வேதியிற் றீயும் வலஞ்சுழித்து ஓங்கிற்று என்பது வரலாறு. அதனைப் புராணப் பிரசங்கத்திற் கேட்டுத் தலையசைத்தவர்களே அன்று கூரைக்கு நீர் தெளித்து நின்றவர்கள். இன்றும் வெள்ளத்தால் வந்தார்க்கு எந்தத் தெருவின் மண்டபம் திறக்கப்படுகின்றது, எது பூட்டியே கிடக்கின்றது என்று ஒருமுறை சுற்றிவந்து பார்த்தல் நன்று.

உதவுமிடத்தும் சில குற்றங்கள் நேர்கின்றன. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தகாலை இறைவன் நாவுக்கரசர்க்கும் பிள்ளையார்க்கும் நாடோறும் படிக்காசு அளித்தான். பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையதாயிருந்தமையின் கடைக்காரர் வட்டங் கழித்தே பண்டம் கொடுத்தனர். அதனால் அவர் திருமடத்தில் அடியார்க்குச் சோறு காலந்தாழ்த்தது. உற்றதையறிந்த பிள்ளையார் வாசிதீரக் காசு நல்குமாறு பாடிப் பெற்றார். பசித்தாரை ஒரு நாழிகை கூடுதலாகக் காக்கவைத்தலும் குறையென்று அப்பெருமானுக்குத் தோன்றிற்று. நம் உதவிகளில் எத்தனை வாசி! பெட்டியைக் கையிற் கொடாமற் படம் பிடிக்கும்வரை நிற்கவைத்தல் ஒரு வாசி. கிழிந்ததையும் நைந்ததையும் மூட்டையாகக் கட்டித் தள்ளித் தம் வீட்டைத் துப்புரவு செய்துகொள்ளுதல் ஒரு வாசி. இழந்தவரை வருவோர்க்கெல்லாம் திரும்பத் திரும்பக் கதை சொல்லவைத்தல் மற்றொன்று. பெருஞ்சாலையோரத்தில் நிற்பார்க்கே வண்டியெல்லாம் இறக்கிவிட்டு, உள்ளூர்க்கு வெறும் வண்டி போதல் இன்னொன்று.

நூல் பயின்றார்க்கென்றே ஒரு தொண்டு உண்டு. வெள்ளமும் தீயும் கூரையோடு காகிதத்தையுங் கொண்டுபோகின்றன: பட்டா, குடும்ப அட்டை, ஆதார் அட்டை, பிள்ளைகளின் மதிப்பெண் சான்று. இவையின்றி அரசினர் உதவியைப் பெறுதல் அரிது. 2023 டிசம்பர்ப் பெருமழைக்குப் பின்னர், சேதமுற்ற குடிசைக்கு அளிக்கும் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாகத் தமிழ்நாட்டரசு உயர்த்தியது. 2024இல், குடிசையில்லாத தமிழகம் என்னுங் கருத்தோடு 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள், வீடொன்றுக்கு மூன்றரை லட்ச ரூபாய், என ஒரு திட்டத்தையும் அறிவித்தது. அறிவிப்புக்கும் ஆற்றோரத்துக் கிழவிக்கும் இடையே நிற்பது ஒரு விண்ணப்பத்தாள். கிராம நிர்வாக அலுவலரிடம் என்ன சொல்லவேண்டும், வட்டாட்சியர் அலுவலகத்தில் எந்தச் சாளரத்தில் நிற்கவேண்டும் என்பதை அறியாமலே பலர் மீள்கின்றனர். நன்னூலும் தொல்காப்பியமும் கற்ற கை ஒரு மனுவை எழுதிக் கொடுத்து, அலுவலகத்துக்கு உடன்சென்று வந்தால் இலக்கணம் இழிந்துபோகாது. திருமடங்களின் அணுக்கத்தில் இருப்போர்க்கும் ஒரு விண்ணப்பம்: ஆற்றின் தென்கரையில் தருமபுரமும் திருவாவடுதுறையும் திருப்பனந்தாளும் விளங்குகின்றன. கிளைமடம், கட்டளை மண்டபம், பாத்திரங்கள், சமையல் வல்லார் என இவை எல்லாம் ஓரூரில் ஒருங்கே வாய்ப்பது மடத்துக்கே அரிதன்று. பள்ளிக்கூடத்தைத் திங்கட்கிழமை திறந்தாகவேண்டும், மண்டபத்துக்கு அந்நெருக்கடியில்லை.

இளையான்குடிமாற நாயனாரை நாம் விருந்தோம்பலுக்கு எடுத்துக்காட்டுகின்றோம். நள்ளிரவில் மழையில் வந்த அடியவர்க்கு விதைநெல்லை வாரிவந்து கொடுத்தார் என்பதோடு நிறுத்துகின்றோம். அதனைச் சமைக்க விறகில்லாதபோது அவர் சிதைந்த தம் வீட்டின் கூரைக் கழியையே வெட்டிக் கொடுத்தார். மழை பெய்துகொண்டிருந்தது என்பதை நினைமின். தம் கூரையைப் பிறன் பசிக்கு ஈந்த ஒருவரை நாயனாரென்று வணங்குவோர், பிறன் கூரைக்குத் தம் புறக்கடையில் வளரும் மூங்கிலில் இரண்டைத் தர எண்ணிப் பார்த்தல் வியப்பாகத்தான் இருக்கின்றது.

முன்னர்க் கூறிய அம்மையாருக்கு நேர்ந்ததைச் சொல்லி அமைகின்றேன். அவர் வினாவுக்கு அன்று விடை கூறியவர், உடன்வந்த அன்பர்களுள் மிக இளையவரான ஒருவர். சித்தியாரை இன்னும் பாடங் கேளாதவர். "எங்கள் மாட்டுக்கொட்டகை மேட்டில் இருக்கிறது அம்மா, மாட்டை வெளியே கட்டிக்கொள்கிறோம்" என்றார். ஞாயிறன்றே கொட்டகையைக் கழுவி மெழுகினர். புரட்டாசியில், வடகிழக்கு மழை இறங்குமுன், அன்பர்கள் கூடிச் சற்று உயரமான இடத்தில் ஒரு கூரை எழுப்பினர். யான் கழி தூக்கும் வயதைக் கடந்தவனாதலின் மனுக்களை எழுதினேன். மூன்று மனு, நான்கு நடை.

அவ்வாண்டு திருக்கார்த்திகை நவம்பர் 23ஆம் நாள் வந்தது. விளக்கேற்ற வரவேண்டுமென்று அவர் சொல்லியனுப்பச் சென்றேன். வாயிலில் இரண்டு அகல் எரிந்தன. அதற்கு ஒரு வாரம் முன்னர்த்தான் கஜாப் புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரையேறிக் கடற்கரையூர்களைப் பாழாக்கியிருந்தது. எங்கள் அன்பர்கள் அங்குச் செல்லும் வண்டியொன்றுக்குப் பொருள் திரட்டிக்கொண்டிருந்தனர். அம்மையார் உள்ளே சென்று, ஆவணியில் தமக்கு வந்த சேலை இரண்டில் மடிப்புக் கலையாத ஒன்றைக் கொணர்ந்தார். "வண்டி போகிறதாமே ஐயா. இதையும் அதிற் போட்டுவிடுங்கள், எனக்கு ஒன்று போதும்" என்றார். நிலையாமையைப்பற்றி யான் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பேச்சு அரைகுறையாய் நின்றது நினைவுக்கு வந்தது. அதனை அன்றுந் தொடர்ந்தேனல்லேன். சேலையை வாங்கிக்கொண்டு, வண்டி புறப்படுமுன் சேர்க்கவேண்டி விரைந்து நடந்தேன்.

திருச்சிற்றம்பலம்.